ஊர்ச் சமுதாயக்கூடத்தைச் சீரமைக்கும் முறை: சாவிப் பேச்சிலிருந்து முதல் ஐப்பசி மழை வரை

எங்கள் பக்கம் காவிரிக் கடைமடை. இங்கே மூன்று ஊர்களில் சமுதாயக்கூடச் சீரமைப்பு வேலையில் முதல் கூட்டத்திலிருந்து கடைசிக் கணக்கு வரை கூட இருந்திருக்கிறேன். மூன்று ஊரிலும் முதல் கூட்டத்தில் முதலில் வந்த கேள்வி, "என்ன கலர் அடிக்கலாம்?" என்பதுதான். பெயிண்டும் டைல்ஸும் கண்ணுக்குத் தெரியும், அதனால் எல்லோருக்கும் அதில் ஒரு கருத்து இருக்கிறது. ஆனால் கூரையில் நீர் தேங்கும்போது அடித்த பெயிண்ட் அடுத்த கார்த்திகைக்குள் உரிந்துவிடும். அந்தப் பணம் போனபின் இரண்டாம் முறை யாரும் தரமாட்டார்கள்.

1980களிலும் 90களிலும் கட்டிய, செங்கல் சுவரும் காங்கிரீட் கூரையும் உள்ள, சுமார் 60 அடிக்கு 25 அடி கூடத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். நம் ஊர்களில் அதிகம் இருப்பது அதுதான். ஓட்டுக் கூரையோ பழைய சுண்ணாம்புக் கட்டடமோ என்றால் கூரை வேலை மாறும். மற்ற வரிசை அப்படியே பொருந்தும்.

1. கட்டடம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

"நம்ம ஊர்க் கூடம்தானே" என்று ஆரம்பிக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, அ-பதிவேட்டிலும் (ஊர் நிலங்களின் வகை எழுதிய வருவாய்த்துறைப் பதிவேடு) புல வரைபடத்திலும் அந்த இடம் என்னவென்று பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். நத்தம் புறம்போக்காக இருக்கலாம், கோயில் நிலமாக இருக்கலாம், யாரோ வாய்மொழியாகக் கொடுத்த பட்டா நிலமாகவும் இருக்கலாம். ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் கட்டடம் ஏறியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

காரணம் இரண்டு. பதிவேட்டில் இல்லாத கட்டடத்துக்கு அரசுப் பணம் வராது. இன்னொன்று, தனியார் பட்டாவில் நிற்கும் கட்டடத்தில் ஊர்ப்பணத்தைப் போட்டால், வாய்மொழியாகக் கொடுத்தவரின் பேரப்பிள்ளைகள் நாளை வந்து கேட்பார்கள். நான் பார்த்த ஒரு ஊரில் கழிப்பறைக்கு அஸ்திவாரம் தோண்டிய பிறகுதான் அந்த மூலை பக்கத்து வீட்டுக்காரரின் பட்டா என்று தெரிந்தது. சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டிருந்தால் இரண்டு குடும்பத்துக்குள் மனக்கசப்பு வந்திருக்காது.

ஊராட்சிக் கட்டடம் என்றால் கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மானத்தில் "சமுதாயக்கூடத்தைச் சீரமைப்பது" என்று ஒரே வரியில் முடிக்காமல், கூரை, மின் இணைப்பு, கழிப்பறை, சாய்தளம் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஒற்றை வரித் தீர்மானத்தை வைத்துப் பெயிண்ட் அடித்தும் வேலையை முடித்துவிடலாம். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு நேராகப் போய்க் கேட்க வேண்டியிருக்கும். ஊராட்சிச் செயலரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பழைய கோப்பு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

2. சாவியும் பயன்பாடும்: செங்கல்லைத் தொடுவதற்கு முன் பேச வேண்டியது

இந்தப் பேச்சைத் தள்ளிப் போடுகிறவர்கள்தான் அதிகம். கட்டடம் பளபளவென்று ஆன பிறகு பேசினால், அதில் உரிமை கேட்கிற கை அதிகமாகிவிடும். பாழாய்க் கிடக்கும்போது பேசுவது எளிது.

கேள்விகள் எளிமையானவை. யார் யார் பயன்படுத்துவார்கள்? கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு சரி. கருமாதிச் சாப்பாட்டுக்குக் கொடுப்பீர்களா? மகளிர் குழுக் கூட்டம் எந்த நாள்? பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்கலாமா? மருத்துவ முகாமுக்கும் வாக்குச்சாவடிக்கும் எந்த அறை? புயல் வந்தால் யார் திறப்பார்கள்?

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் பக்கம் குடிசை வீட்டுக்காரர்கள் ஒதுங்கியது பள்ளிக்கூடத்திலும் சமுதாயக்கூடத்திலும்தான். அன்று ஒரு கூடத்தின் சாவி வைத்திருந்தவர் வெளியூரில் இருந்தார், பூட்டை உடைத்துத்தான் திறந்தோம். அதனால் சாவி மூன்று என்று சொல்கிறேன். ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று மகளிர் குழுவிடம், ஒன்று கூடத்துக்கு நடக்கும் தூரத்தில் இருக்கும், எப்போதும் ஆள் இருக்கிற ஒரு வீட்டில். மூன்று சாவியும் ஒரே தெருவில் இருக்கக் கூடாது.

அடுத்ததைத் தயங்காமல் எழுதுகிறேன். பல ஊர்களில் கூடம் ஊருக்குள் இருக்கும், காலனிக்காரர்கள் கேட்டால் அன்றைக்குச் சாவி கிடைக்காது. நேராக "கிடையாது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "வேறு ஒருவர் சொல்லி வைத்திருக்கிறார்" என்பார்கள். தீண்டாமை அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலேயே ஒழிக்கப்பட்டது, பொது இடத்தைச் சாதி பார்த்து மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். ஆகவே முன்பதிவு நோட்டு ஒன்று திறந்து, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். முதலில் எழுதியவருக்கு முதல் நாள், எல்லாத் தெருவுக்கும் ஒரே வாடகை என்று தீர்மானத்திலேயே ஏற்றுங்கள். சீரமைப்புக் குழுவில் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். சமையற்கட்டும் கழிப்பறையும் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவர்களைக் கேட்காமல் கட்டிய கூடங்களை நான் பார்த்திருக்கிறேன். எதுவும் சரியான இடத்தில் இருக்காது.

3. ஒரு நல்ல மழையில் உள்ளே போய் நில்லுங்கள்

வெயில் நாளில் பார்த்து மதிப்பீடு போடுவதுதான் பெரிய தவறு. மழை கொட்டும்போது டார்ச்சும் சாக்குக்கட்டியும் எடுத்துக்கொண்டு போங்கள். சீலிங்கில் ஈரம் பரவும் இடங்களைச் சுற்றிக் கோடு போடுங்கள். மழை விட்டதும் மாடியேறி நீர் எங்கே நிற்கிறது என்று பார்த்து அங்கேயும் கோடு. கீழே வந்து, கூடத்தைச் சுற்றி எந்தப் பக்கம் தண்ணீர் சுவரை நோக்கி ஓடி வருகிறது என்று பாருங்கள். இந்த மூன்று இடமும் தெரிந்தால் பாதி மதிப்பீடு முடிந்தது.

பிறகு காய்ந்த ஒரு நாளில் நீளமான மூங்கில் கழியால் சீலிங்கை அடிக்கு அடி தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் 'டங்' என்று ஒலிக்கும். 'டொப்' என்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து காங்கிரீட் விட்டிருக்கிறது என்று அர்த்தம். தட்டுபவர் நேர் கீழே நிற்கக் கூடாது, ஹெல்மெட் போட வேண்டும். பெரிய பொருக்குகள் சொல்லாமல் விழும்.

விரிசல்களை வகை பிரித்துக்கொள்ளுங்கள். பூச்சில் மட்டும் வலைபோல் ஓடும் மயிரிழை விரிசல் பற்றிக் கவலை வேண்டாம். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் படுக்கையாக ஓடுவது, வெயிலில் கூரை விரிந்து சுருங்குவதால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படி படியாக இறங்கும் விரிசல் அஸ்திவாரம் இறங்கியதற்கு அடையாளமாக இருக்கலாம். அதன் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கண்ணாடி உடைந்தால் அசைவு இன்னும் நடக்கிறது. அப்போது இன்ஜினியர் பார்க்காமல் மேலே போகக் கூடாது. கரிசல் மண் ஊர்களில் கோடையில் விரிந்து மழையில் மூடும் விரிசல்களும் உண்டு. அங்கே ஒரு வருடம் முழுக்கப் பார்ப்பது நல்லது.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, கூடத்தின் ஒரு வரைபடத்தில் எண் போட்டுக் குறியுங்கள். ஒன்றியப் பொறியாளர் வரும்போது அந்த வரைபடத்தைக் கையில் கொடுத்தால் அவருடைய மதிப்பீடு வேறு மாதிரி வரும்.

4. பணம்: எது முதலில், எதிலிருந்து

வேலைகளை மூன்று கட்டாகப் பிரியுங்கள். கட்டடம் நிற்பதற்கானவை: கூரை, கம்பி, நீர் வெளியேற்றம், மின் பாதுகாப்பு. ஆட்கள் பயன்படுத்துவதற்கானவை: கழிப்பறை, தண்ணீர், சமையற்கட்டு, சாய்தளம். கடைசியில் தரை, பெயிண்ட், மேடை, முகப்பு. முதல் கட்டு முடியாமல் மூன்றாம் கட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை என்று எழுதி வையுங்கள். "மேடைக்கு மட்டும் கிரானைட் போட்டுத் தர்றேன், என் அப்பா பெயர் போடுங்க" என்று ஒருவர் நிச்சயம் வருவார். அந்தப் பெயரைக் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியிலோ மின் பலகை அறையிலோ போடச் சம்மதிக்கிறாரா என்று பணிவாகக் கேளுங்கள். இரண்டு ஊரில் சம்மதித்தார்கள்.

அரசுப் பக்கம் ஊராட்சிப் பொது நிதி, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, நமக்கு நாமே திட்டம் ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒரு பங்கு. அதைக் கட்டினால் மீதியை அரசு தரும். எந்த நிதியானாலும் நிர்வாக அனுமதி வருவதற்கு முன் வேலையைத் தொடங்காதீர்கள். நல்லெண்ணத்தில் முன்கூட்டியே செய்த வேலைக்குப் பின்னால் பணம் கேட்க முடியாது, பொறியாளர் அளவுப் புத்தகத்தில் எழுதிய வேலைக்கு மட்டும்தான் பில் போகும்.

ஊர் வசூலில் ஒரு சிக்கல் இருக்கிறது. திருவிழாப் பழக்கத்தில் தலைக்கட்டு வரி, அதாவது வீட்டுத் தலைவர் ஒருவருக்கு இவ்வளவு என்று, போட்டுவிடுவார்கள். தலைக்கட்டுக் கணக்கில் பல ஊர்களில் கைம்பெண் வீடு வராது, காலனி வீடுகள் வராது. அன்றைக்கு அது சலுகை மாதிரித் தெரியும். நாளைக்கு "வரி கொடுக்காதவங்களுக்கு ஏது உரிமை?" என்று அதுவே பேச்சாகும். அதனால் எல்லா வீட்டுக்கும் சேர்த்து விருப்பப்பட்ட தொகை என்று வையுங்கள், பத்து ரூபாய் என்றாலும் ரசீது கொடுங்கள். ஒரு நாள் சித்தாள் வேலை செய்து கொடுத்தாலும் அதற்கான கூலித் தொகையை ரசீதில் எழுதுங்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் அனுப்பும் பணம் தனியாள் கணக்குக்கு வராமல், மூன்று பேர் கையெழுத்துள்ள வங்கிக் கணக்குக்கு வரட்டும்.

மொத்த மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். சீலிங்கைக் கொத்தினால் உள்ளே என்ன இருக்கும் என்பது கொத்தும்வரை தெரியாது.

5. நாள் குறிப்பது

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடிக்கும். அதற்கு முன் கூரை முடிந்து ஒரு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். ஆனால் சித்திரை, வைகாசி உச்ச வெயிலில் சுருக்கி (கூரைமேல் போடும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு அடுக்கு) போட்டால் நனைக்கத் தண்ணீர் இருக்காது, வெடித்துவிடும். எங்களுக்குச் சரியாக வந்தது மாசி, பங்குனிதான். அறுவடை முடிந்து ஆள் கிடைக்கும், குளத்தில் தண்ணீரும் கொஞ்சம் இருக்கும்.

உள் வேலைகளை ஆடியில் வையுங்கள். அந்த மாதம் கல்யாணம் கிடையாது, கூடம் சும்மா கிடக்கும். கூரை வேலை நடக்கும் மாதங்களில் முகூர்த்தத்துக்கு யாரேனும் முன்பதிவு செய்திருந்தால் அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லி, மாற்று இடத்துக்கு ஏற்பாடு செய்து கொடுங்கள். பத்திரிகை அடித்தபின் சொல்வது பாவம்.

6. கூரை: அகற்று, பழுது பார், சோதி, பிறகு போடு

இந்த நான்கின் வரிசை மாறினால் செலவு இரட்டிக்கும், ஆபத்தும் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாக.

முதலில் பழைய தட்டோட்டையும் (சுருக்கியின்மேல் ஒட்டும் தட்டையான ஓடு) சுருக்கியையும் முழுக்க அகற்றுங்கள். "அது மேலேயே இன்னொரு கோட் போட்டுடலாம்" என்று மேஸ்திரி சொல்லுவார், நாளும் கூலியும் மிச்சம் என்பார். 1500 சதுர அடிக் கூரையில் 4 அங்குலச் சுருக்கியின் எடை 20 டன்னுக்கு மேல். ஏற்கெனவே தளர்ந்த கூரையில் இன்னொரு 20 டன்னை ஏற்றுவது தெரிந்தே செய்யும் தவறு. அகற்றும்போது கை உளி போதும், பிரேக்கர் மெஷின் வேண்டாம். அதன் அதிர்வு கீழே பொருக்கை உதிர்க்கும். உடைத்த கழிவை மாடியில் ஒரே இடத்தில் குவிக்காமல் அன்றன்றைக்கு இறக்கிவிடுங்கள்.

சுமை இறங்கியதும் கீழ்ப்பக்கம் கம்பி வேலை. புதுச் சுருக்கி போட்டபின் கீழே கொத்தினால் அந்த அதிர்ச்சியில் புதுத் தட்டோடு விரிசல் விடும், அதனால்தான் இந்த இடைவெளியில் செய்யச் சொல்கிறேன். கொத்தும் இடத்தைச் சுற்றி முட்டு கொடுத்துவிட்டே உளியை வைக்க வேண்டும். முட்டில்லாமல் கொத்துவதைக் கண்டால் வேலையை நிறுத்துங்கள்.

துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், அதுதான் காங்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. எனவே 'டொப்' என்று ஒலித்த இடமெல்லாம் கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பி பிரஷால் வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். பிறகு துத்தநாகம் கலந்த துரு தடுப்பு பிரைமர், ஒட்டுவதற்கான பூச்சு, அதன்மேல் பாலிமர் கலந்த கலவை, ஒரே தடவையில் அப்பாமல் அடுக்கடுக்காக. கம்பி மெலிந்து கால்வாசிக்கு மேல் போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி வைப்பதா, பீம் கொடுப்பதா என்பதை இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும். பாதிக்கு மேற்பட்ட சீலிங் இப்படி இருந்தால் சீரமைப்பை நிறுத்திவிட்டுப் புதுக் கூரைக்குக் கேளுங்கள். ஆசைப்பட்டு ஒட்டுப் போடக் கூடாது, கீழே பந்தியில் இருநூறு பேர் உட்காரப் போகிறார்கள்.

கடைமடை, கடலோர ஊர்க்காரர்கள் தண்ணீரையும் பாருங்கள். போர்த் தண்ணீர் நாக்கில் கரித்தால் கலவைக்கு ஆகாது, உப்பு கம்பியைத் தின்றுவிடும். நல்ல தண்ணீர் லாரிக்கு ஆகும் செலவு, பின்னால் வரும் செலவில் ஒரு துளி.

அடுத்தது சோதனை. பழுது பார்த்த தளத்தில் நீர்க்குழாய் வாய்களை அடைத்து, பாத்தி கட்டி 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் விடுங்கள். கீழே ஈரம் தெரிந்த இடத்தைச் சரிசெய்து திரும்பவும் நிறுத்துங்கள். இந்த இரண்டு நாளைத்தான் எல்லோரும் மிச்சப்படுத்தப் பார்க்கிறார்கள். தட்டோடு ஒட்டியபின் கசிந்தால் எங்கிருந்து வருகிறதென்று யாராலும் சொல்ல முடியாது.

பிறகு செங்கல் ஜல்லிச் சுருக்கி. சுண்ணாம்பைக் குழைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கும் பழைய முறை தெரிந்த கொத்தனார் கிடைத்தால் அவரையே பிடியுங்கள். வாட்டம் 100 அடிக்கு 1 அடி. 25 அடி அகலத்துக்கு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு 3 அங்குலம் இறங்க வேண்டும். கண் பார்வையில் விடாமல் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்து நூல் கட்டிப் பாருங்கள். கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையில் உருட்டி வளைத்துப் பூசச் சொல்லுங்கள். நான் பார்த்த கசிவுகளில் நிறைய அந்த மூலையிலிருந்துதான் வந்தன.

நீர்க்குழாய் கணக்கு இப்படி. இந்தக் கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 14,000 லிட்டர் தண்ணீர். எங்கள் பக்கம் ஒரே நாளில் அவ்வளவு பெய்வது அதிசயமில்லை. 4 அங்குலக் குழாய் குறைந்தது நான்கு வேண்டும், ஒவ்வொன்றின் வாயிலும் சருகு தடுக்கும் கூடை. குழாய் சுவரடியில் கொட்டி முடியக் கூடாது, வாய்க்காலுக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ போய்ச் சேர வேண்டும்.

வெள்ளைக் கூலிங் பெயிண்ட் மட்டும் அடித்துக் கசிவை நிறுத்தலாமா என்று கேட்பார்கள். வாட்டம் சரியாக இருந்து மயிரிழை விரிசல் மட்டும் என்றால் சில வருடம் தாங்கும். தண்ணீர் தேங்கும் கூரையில் முதல் மழைக்கே உப்பி உரியும்.

7. ஓதமும் சுற்றுத் தளமும்

தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குச் சுவர் ஈரமாகி உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் மண்ணிலிருந்து ஏறுகிறது. அதற்குப் பெரும்பாலும் வெளியில்தான் காரணம். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, தெரு உயர்ந்து, கூடத்தின் தரை பள்ளமாகிப் போயிருக்கும். உள்ளே புட்டியும் பெயிண்டும் அடித்துப் பயனில்லை.

சுவரைச் சுற்றியுள்ள மண்ணை, உள்தரைக்கு அரை அடியாவது கீழே இருக்கும்படி வெட்டி எடுங்கள். 3 அடி அகலத்தில் வெளிப்பக்கம் சாய்ந்த சிமெண்ட் தளம், அதன் ஓரத்தில் வாய்க்கால். அதன்பிறகு ஈரக்கோட்டுக்கு மேல் ஒரு அடிவரை உள்பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுக்கச் சும்மா காயவிடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் அது திரும்ப உள்ளே போகும். கூடம் அசிங்கமாக இருக்கிறதென்று அந்த மாதங்களில் திட்டு விழும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

8. மின்சாரம்

பூச்சுக்கு முன் முடிக்க வேண்டிய வேலை, இல்லாவிட்டால் புதுச் சுவரைக் காடி வெட்டுவார்கள். பழைய வயரில் எதையும் ஒட்டுப் போடாமல் முழுக்க மாற்றுங்கள். விளக்குக்கு 1.5, சாதாரணப் பிளக்குக்கு 2.5, கிரைண்டர் மாதிரிப் பெரிய சுமைக்கு 4 சதுர மி.மீ. வயர். இரண்டு எர்த் குழி. 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும், ஈரக் கையும் வெறும் காலுமாகச் சமைக்கிற இடம் இது.

கல்யாணத்தன்று சீரியல் செட் போடுபவரும் மைக் செட்காரரும் நேராக மெயினில் கொக்கி போடுவார்கள். அதைத் திட்டித் தடுக்க முடியாது. வெளிச்சுவரில் பூட்டுள்ள பெட்டி ஒன்று வைத்து, அவர்களுக்கென்றே தனிப் பிளக்கும் தனி எம்.சி.பி.யும் (சுமை மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஜெனரேட்டர் இணைக்க மாற்றுச் சுவிட்சும் அங்கேயே.

பழைய மின்விசிறிக் கொக்கிகளை நம்ப வேண்டாம். ஒவ்வொன்றிலும் இரண்டு சிமெண்ட் மூட்டையைக் கட்டி ஒரு நாள் தொங்கவிட்டுப் பாருங்கள், கீழே யாரும் போகாமல்.

9. கழிப்பறை, சமையற்கட்டு, சாய்தளம்

கழிப்பறையைப் பின்பக்க இருட்டில் ஒளித்துக் கட்டாதீர்கள், பெண்கள் இரவில் போக மாட்டார்கள். விளக்கும் குழாயும் உள்ள, நடமாட்டம் தெரியும் இடத்தில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு பக்கத்து வாசலோடு இருக்கட்டும். ஒன்றிலாவது கைப்பிடியுடன் உட்காரும் பீங்கான் வையுங்கள், மூட்டு வலியுள்ள பெரியவர்கள் பலர் அது இல்லாததாலேயே விசேஷத்துக்கு வருவதில்லை. பெண்கள் பக்கம் மூடியுள்ள குப்பைத் தொட்டி வேண்டும். கழிவுக்குழி குடிநீர்க் கிணற்றிலிருந்தும் அடிபம்பிலிருந்தும் 50 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

விறகடுப்பைக் கூடத்துக்குள் வைத்தால் புதுச் சீலிங் ஒரே வருடத்தில் கரியாகும். பின்னால் தனிக் கொட்டகை போடுங்கள். தகரத்தை ஜே-போல்ட் போட்டு, ஓர வரிசையில் ஒன்றும் விடாமல் முடுக்குங்கள். கஜாவில் பறந்த தகரங்களில் பல, ஓரத்தில் ஒன்று விட்டு ஒன்று போல்ட் போட்டவை. அண்டா கழுவும் இடமும் இலை போடும் இடமும் கைகழுவும் குழாயும் ஒரே வாய்க்காலில் சேரலாம், நடுவில் சோற்றுப் பருக்கையைத் தடுக்கும் சல்லடைக் குழி ஒன்று இருந்தால்.

சாய்தளத்தை எல்லோரும் குட்டையாகவே கட்டுகிறார்கள். 12-க்கு 1 என்பது கணக்கு. வாசல் 2 அடி உயரத்தில் இருந்தால் சாய்தளம் 24 அடி நீளம் வேண்டும், நேராக இடமில்லாவிட்டால் சுவரை ஒட்டித் திருப்புங்கள். 8 அடியில் முடித்துவிட்டால் சக்கர நாற்காலி ஏறாது. ஊரிலிருக்கும் மாற்றுத்திறனாளி ஒருவரை, காங்கிரீட் போடுவதற்கு முன் பலகை வைத்து ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

10. பூச்சு, தரை, பெயிண்ட்

பூச்சுக்குச் சலித்த பி-சாண்ட் (பூச்சு வேலைக்கான அரைத்த மணல்), சிமெண்டும் மணலும் சுவருக்கு 1:5, சீலிங்குக்கு 1:3. ஏழு நாள் நனைக்க வேண்டும், நனைக்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அது எல்லோருடைய வேலை என்று விட்டால் மூன்றாம் நாள் யாரும் வரமாட்டார்கள். ஒரு மாதம் காய்ந்தபின் பெயிண்ட்.

தரைக்கு வழவழ டைல்ஸ் வேண்டாம். பந்தியில் ரசம் சிந்தும், பிள்ளைகள் ஓடும். சொரசொரப்பான டைல்ஸோ கோட்டா கல்லோ போதும். பழைய தரை கெட்டியாக இருந்தால் அதற்குமேல் உயர்த்தாதீர்கள், கதவும் சாய்தளக் கணக்கும் கெட்டுவிடும்.

கலர் பேச்சை இப்போது வைத்துக்கொள்ளலாம். கட்சிக் கொடி நிறமும் சாதி அடையாள நிறமும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று இடத்திலும் வெள்ளையும், இடுப்பளவுக்குச் செங்காவியும் அடித்தோம்.

11. திறந்த பிறகு முதல் வருடம்

வரவு செலவைக் கடைசி ரூபாய் வரை எழுதிக் கூடத்தின் வாசலில் ஒட்டுங்கள், அடுத்த கிராம சபையிலும் வாசியுங்கள். ஒப்பந்தக்காரருக்குத் தரவேண்டியதில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் முடிந்தபின் தருவதாக முதலிலேயே எழுதி வாங்கியிருந்தால் இப்போது உதவும்.

வாடகையில் ஒரு பாதியைப் பராமரிப்புக்கென்று தனியாகப் போடுங்கள். கூட்டுபவருக்கும் கழிப்பறை கழுவுபவருக்கும் கூலி அதிலிருந்து மாதாமாதம் போக வேண்டும். கழிப்பறை கழுவ இன்ன தெரு ஆள்தான் என்று பழக்கத்தில் கூப்பிடுவதை இந்தக் கூடத்தில் விட்டுவிடுங்கள், விருப்பமுள்ள யாருக்கும் சரியான கூலி கொடுத்துச் செய்யுங்கள்.

புரட்டாசிக் கடைசியில் மாடியேறிச் சருகைக் கூட்டி, நீர்க்குழாய் நான்கிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்யும் இரவில், அந்தப் பழைய வரைபடத்தையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், முன்பு சாக்குக்கட்டியால் கோடு போட்ட ஒவ்வொரு இடத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தேதி போட்டு எழுதி, காலையில் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள்.